ஊசி சென்ற இடம்

சென்ற தை மாதம் நாமகிரிப்பேட்டையில் இருந்த எங்கள் பழைய மண்டியைக் காலி செய்தோம். பரணிலிருந்து இறக்கிய சாமான்களில் பெரும்பாலானவை எடைக்குப் போயின. நான் எடுத்துவைத்தவை இரண்டு. ஒன்று அப்பாவின் குத்தூசி. மற்றது பழுப்புநிற உறைக்குள் இருந்த இரண்டு ஸ்கேன் படங்கள். இரண்டுமே 1998ஆம் ஆண்டில் எடுக்கப்பட்டவை. இரண்டுமே அப்பாவின் தலை. இரண்டுக்கும் இடையே இருபத்துமூன்று நாட்கள்.

குத்தூசி என்றால் இன்று பலருக்குத் தெரியாமல் இருக்கலாம். ஒரு முழத்துக்கும் குறைவான இரும்புக் கம்பி. ஒரு முனை கூர், உடலில் நீளவாக்கில் குழி. நெல்லோ கடலையோ இருக்கும் மூட்டையில் அதைச் சொருகி, ஒரு திருகு திருகி உருவினால், குழிக்குள் ஒரு பிடி சரக்கு வரும். மூட்டையை அவிழ்க்காமலே உள்ளே இருப்பதைப் பார்த்துவிடலாம். அப்பா மண்டியில் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அதைத்தான் முதலில் கற்றுக்கொண்டாராம். அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. ஊசியைச் சொருகும்போது, சாக்கு முடியும் இடத்தில் கட்டைவிரலை அழுத்தி வைத்துக்கொள்வார். உருவிய பிறகும் விரலை எடுக்கமாட்டார். அப்படியே மூட்டையின் பக்கவாட்டில் ஊசியை வைத்து, "இந்தா, இந்த எடத்துல இருந்து வந்திருக்குது" என்று காட்டிவிட்டுத்தான் சரக்கைக் கையில் கொட்டுவார். எங்கிருந்து வந்தது என்று காட்டாமல் சரக்கைக் காட்டுபவனை அவர் தரகன் என்று ஒப்புக்கொண்டதில்லை.

மஞ்சளுக்குக் குத்தூசி உதவாது. விரலி, உருண்டை, பனங்காலி மூன்றையுமே தரையில் கொட்டித்தான் பார்க்கவேண்டும். காய்ந்த விரலியை இரண்டு கைகளாலும் பிடித்து ஒடித்தால், நன்றாகக் காய்ந்ததென்றால் உலோகம் போல 'டிங்' என்று ஒரு சத்தம் வரும். உள்நிறத்தைக் கண்ணும் காய்ச்சலைக் காதும் சொல்லும். எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் நாதஸ்வரத்தைத்தான் கேட்பார்கள், "கிருஷ்ணன் ஊரா?" என்று. எனக்கு அந்த ஊர் மஞ்சள் ஒடியும் சத்தம்தான்.

1998 மாசியில் ஒருநாள் அப்பாவால் ஒரு விரலியை ஒடிக்க முடியவில்லை. சிரித்துக்கொண்டே இன்னொன்றை எடுத்தார். அதுவும் ஒடியவில்லை. பத்து நாட்கள் கழித்து, தராசுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தவருக்கு வலதுகை இழுத்துக்கொண்டது; பிறகு உடம்பெல்லாம். சேலத்தில் ஸ்கேன் எடுத்தார்கள். மூளையின் இடதுபக்கம், ஆழத்தில், ஒரு வளையம். கிட்டத்தட்ட மூன்று சென்டிமீட்டர். நடுவே கருமை, சுற்றிலும் வெள்ளை விளிம்பு.

காசநோய்க் கட்டியாக இருக்கலாம் என்றார்கள். நம் நாட்டில் அந்த எண்ணம் முதலில் எழுவது இயல்புதான். இரண்டு மாதங்கள் காசநோய் மாத்திரை. வளையம் பெரிதானது. சீழ்க்கட்டியா, காசநோயா, புற்றா என்று பார்க்காமல் இனி எதுவும் செய்வதற்கில்லை. மண்டையைத் திறக்கலாமென்றால் கை அசைவுக்கும் பேச்சுக்கும் உரிய பாதைகள் அங்கேதான் போகின்றன. ஆகவே ஊசி வழியாகத் துளி சதை எடுத்துப் பார்ப்போம் என்று வெளியூர்ப் பெரிய மருத்துவமனை ஒன்றுக்கு அனுப்பினார்கள். அதன் பெயர் இந்தக் கட்டுரைக்குத் தேவையில்லை.

ஸ்டீரியோடாக்டிக் பயாப்சி என்ற சொல்லை அங்கேதான் முதன்முதலில் கேட்டேன். பிற்பாடு தேடித்தேடிப் படித்ததில் தெரிந்துகொண்டதைக் கொஞ்சம் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் அந்த இரண்டு படங்களின் வேறுபாடு விளங்காது.

கண்ணுக்குத் தெரியாத ஓரிடத்தை மூன்று எண்களால் குறித்து அங்கே ஊசியைக் கொண்டுசெல்வதுதான் இதன் அடிப்படை. 1908இல் லண்டனில் ஹார்ஸ்லியும் கிளார்க்கும் குரங்குகளின் மூளையை ஆராய்வதற்காக இப்படி ஒரு சட்டகம் செய்தார்கள். மனிதருக்கு அது வர 1947 ஆயிற்று. அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் ஸ்பீகலும் வைசிஸும் செய்தார்கள். 1949இல் ஸ்வீடனின் லெக்செல் தன் சட்டகத்தை வெளியிட்டார். அதில் ஒரு வில் உண்டு. வில்லின் மையம் இலக்கில் இருக்குமாறு பொருத்திவிட்டால், வில்லின் எந்தப் புள்ளியிலிருந்து ஊசியை இறக்கினாலும் ஒரே இடத்தில்தான் போய் முடியும்.

சென்னை இதில் பின்தங்கி இருக்கவில்லை. 1950இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் நரம்பியல் அறுவைப் பிரிவைத் தொடங்கிய பி. ராமமூர்த்தி, அவரோடு வி. பாலசுப்பிரமணியம், இந்தியாவின் முதல் பெண் நரம்பியல் அறுவை நிபுணரான டி.எஸ். கனகா ஆகியோர் 1960களிலேயே இந்த முறையில் சிகிச்சைகள் செய்துகொண்டிருந்தார்கள். அப்போது சி.டி. ஸ்கேன் கிடையாது. (ஹவுன்ஸ்ஃபீல்டின் கருவியில் முதல் நோயாளி படுத்தது 1971இல்தான்.) மூளையின் நீரறைகளுக்குள் காற்றையோ மருந்தையோ செலுத்தி எக்ஸ்ரே எடுத்து, அந்த நிழலிலிருந்து மற்ற இடங்களைக் கணக்கிடுவதுதான் அன்றைய வழி. காற்றைச் செலுத்திப் பார்க்கும் உத்தியை 1918இல் டாண்டி என்ற அமெரிக்கர் கொடுத்திருந்தார். காற்று மறுபடியும் இந்தக் கதைக்குள் வரும்.

அந்தக் காலத்துச் சிகிச்சைகளில் பெரும்பகுதி, நடுக்கவாதம் போன்றவற்றுக்காக மூளையின் ஆழத்தில் ஒரு சிறு புள்ளியைச் செயலிழக்கச் செய்வது. நோயாளி விழித்திருப்பார். ஊசிமுனையில் மெல்லிய மின்சாரம் பாய்ச்சிப் பார்க்கும்போது நடுங்கிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டால் இடம் சரி. கையே சாட்சி சொல்லிவிடுகிறது. பயாப்சியில் இப்படிச் சாட்சி கிடையாது. சதை வெளியே வந்துவிடும். ஆனால் எங்கிருந்து வந்தேன் என்று அது சொல்லாது. நோயுள்ள சதை என்றால் சிக்கலில்லை, நோயே முகவரி. சாதாரணச் சதையாக இருந்தால்தான் கேள்வி எழுகிறது. கட்டி சாதுவானதா, அல்லது ஊசி கட்டிக்குப் போகவே இல்லையா?

அப்பாவுக்கு முதல் பயாப்சி நடந்தது வைகாசியில். மயக்கம் கொடுக்கவில்லை; நான்கு இடங்களில் மரத்துப்போகும் ஊசி போட்டு, மண்டையோட்டில் நான்கு திருகாணிகளால் சட்டகத்தைப் பிணைத்தார்கள். "கிரீடம் வச்சாங்க சாமி, நாலு ஆணியோட" என்று பிறகு அம்மாவிடம் சொன்னார். சட்டகத்தைச் சுற்றி ஆங்கில 'என்' எழுத்தின் வடிவில் மூன்று கம்பித் தொகுதிகள். ஸ்கேன் ஒவ்வொரு குறுக்குவெட்டாக எடுக்கும்போது, படத்தின் ஓரத்தில் ஒன்பது புள்ளிகள் விழும். நேர்க்கம்பிகளின் புள்ளிகள் அசையாது. சாய்ந்த கம்பியின் புள்ளி மட்டும் உயரத்துக்கேற்ப இடம் மாறும். அது நிற்கும் இடத்தை அளந்தால் அந்த வெட்டு எந்த உயரத்தில் எடுக்கப்பட்டது என்று கணக்கு வந்துவிடும். இவ்வளவு எளிய கணக்கை நம்பி ஒருவர் தலைக்குள் ஊசி இறங்குகிறது என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு வியப்பாக இருக்கிறது.

ஊசியை நோயாளிக்குக் கொண்டுபோகும் முன், அதே எண்களைப் பக்கத்தில் இருக்கும் ஒரு மாதிரிச் சட்டகத்தில் வைத்து, முனை சரியான புள்ளியைத் தொடுகிறதா என்று சோதிப்பார்கள். அப்பா அதைப் பார்த்திருக்கிறார். படிக்கல்லை வைத்துத் தராசைச் சோதிப்பது மாதிரி என்று அவருக்கு மகிழ்ச்சி. ஆனால் அது போவதற்கு முன் செய்யும் சோதனை. போனபின் செய்ய இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, எடுத்த துணுக்கில் ஒரு பகுதியை அப்போதே இரண்டு கண்ணாடிச் சில்லுகளுக்கு இடையே நசுக்கி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்ப்பது. அரைமணி நேரத்துக்குள் பதில் வந்துவிடும்; சதையில் கோளாறு தெரியாவிட்டால் சட்டகத்தைக் கழற்றும் முன்பே இன்னொரு முறை முயலலாம். அன்று மாலை அந்த மருத்துவமனையில் அதைப் பார்க்க ஆள் இல்லை. கடுகளவில் மூன்று துணுக்குகள் குப்பியில் போயின.

இரண்டாவது வழி, பிறகு எடுக்கும் ஸ்கேன். அதை எடுத்தார்கள். ரத்தக்கசிவு இருக்கிறதா என்று பார்க்கத்தான் முதன்மையாக அதை எடுப்பது வழக்கம். கசிவு இல்லை என்றதும் படம் உறைக்குள் போய்விட்டது.

ஆறாம் நாள் அறிக்கை வந்தது. 'கிளியோசிஸ், புற்றணுக்கள் காணப்படவில்லை.' மூளைக்கு எரிச்சல் உண்டாக்கும் எதன் பக்கத்திலும் வளரும் தழும்புச் சதைதான் கிளியோசிஸ். எங்களுக்கு முதல் சொல் விளங்கவில்லை, அடுத்த சொற்கள் போதுமாக இருந்தன. அண்ணன் மருத்துவமனை வாசலிலிருந்து ஊருக்குத் தொலைபேசினார். அம்மா மெட்டாலா ஆஞ்சநேயருக்கு வடைமாலை சாற்றினார். ஊருக்குத் திரும்பியபின் அப்பாவை மண்டியில் உட்காரவைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் காப்பி கொடுத்தோம். நான்கு நாட்கள் வீட்டில் கலியாணக்களை.

பத்தாம் நாள் தையல் பிரிக்கப் போனோம். தையல் பிரித்த இளம் மருத்துவருக்கு என் வயதுதான் இருக்கும். அறிக்கையைப் படித்தார். உறையிலிருந்து படத்தை உருவி விளக்குப்பெட்டியில் சொருகினார். நீண்டநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். அண்ணன் பேசிக்கொண்டிருந்ததை அவர் கேட்டதாகத் தெரியவில்லை. அப்போது அப்பா கேட்டார்:

"ஏனுங்க டாக்டர் தம்பி, ஊசி எங்க போச்சுன்னு அதுல தெரியுங்களா?"

அந்தக் கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை. திரும்பி அப்பாவைப் பார்த்தார். பிறகு, "தெரியும் ஐயா. வாங்க" என்று கையைப் பிடித்து எழுப்பி விளக்குப்பெட்டிக்கு அருகே கூட்டிப்போனார். பேனா முனையால் ஒரு கரும்புள்ளியைக் காட்டினார். எள்ளளவு. "இதுதான் ஊசி நின்ன இடம்."

அது காற்று. சதைத் துணுக்கை உருவும்போது அந்த இடம் வெற்றிடமாகிறது. ஊசிக்குழாய் வழியாகத் துளி காற்று உள்ளே போய் அங்கே தங்கிவிடுகிறது. அடையாளத்துக்காக வேண்டுமென்றே ஒரு துளி செலுத்துபவர்களும் உண்டு. சி.டி. அளவுகோலில் தண்ணீருக்குப் பூச்சியம். காற்றுக்குக் கழித்தல் ஆயிரம். தலைக்குள் வேறெதுவும் அந்த அளவு கருப்பாகத் தெரியாது. சில நாட்களில் உடம்பு அதை உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே அன்றோ மறுநாளோ எடுத்த படத்தில்தான் இந்தச் சாட்சி இருக்கும், தாமதித்தால் கலைந்துவிடும். இந்தச் சாட்சிக்கும் ஒரு பலவீனம் உண்டு. கட்டியின் நடுவில் நீர்த்த பகுதி இருந்து ஊசி அதற்குள் போயிருந்தால், குமிழி மிதந்து மேலே ஏறிவிடும். படுத்திருப்பவருக்கு மேல்புறம் என்பது நெற்றிப்பக்கம். அப்போது புள்ளி இருக்கும் இடமும் ஊசி நின்ற இடமும் ஒன்றல்ல. கெட்டிச் சதைக்குள் என்றால் நின்ற இடத்திலேயே நிற்கும்.

அப்பாவின் படத்தில் புள்ளி கெட்டிச் சதையில்தான் நின்றது. வளையத்துக்கு வெளியே. ஏழெட்டு மில்லிமீட்டர் தள்ளி.

"அப்ப அந்தச் சதை..." என்றார் அண்ணன்.

"பக்கத்து மூளையோட சதைங்க. கட்டியோடது இல்லை."

"புத்து இல்லைன்னு எழுதியிருக்குதுங்களே? நல்ல செய்திதானே?"

அந்த மருத்துவர் சொன்ன பதிலை நான் மறந்ததில்லை. "நல்ல செய்தி இல்லைங்க. கெட்ட செய்தியும் இல்லை. இது செய்தியே இல்லை."

அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. அப்பா புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வளையத்தை விரலால் காற்றில் ஒருமுறை சுற்றிவிட்டு, "ஓரத்து மூட்டையில குத்திப்போட்டு நடுமூட்டைக்கு வெல சொன்னாப்புல" என்றார். குற்றஞ்சாட்டும் குரலே இல்லை. மண்டியில் புதுப் பையன் தவறாகக் குத்தினால் எப்படிச் சொல்வாரோ அப்படி.

பெரிய மருத்துவர் வந்து படத்தைப் பார்த்தார், ஒப்புக்கொண்டார். சட்டகம் இம்மியளவு நகர்ந்திருக்கலாம். எண்ணில் ஓர் இலக்கம் பிசகியிருக்கலாம். கட்டியின் தோல் கெட்டியாக இருந்து ஊசியை ஒதுக்கியிருக்கலாம். இன்னொன்றையும் விளக்கினார். இப்படிப்பட்ட வளையத்தில் நட்டநடுவில் குத்துவதும் தவறாம். அங்கே செத்த சதைதான் இருக்கும், அது எந்த நோயென்று சொல்லாது. உயிருள்ள விளிம்பில் எடுக்கவேண்டும், அந்த விளிம்பின் தடிமன் சில மில்லிமீட்டர்தான்.

இந்தச் சில மில்லிமீட்டர்களை நம்பி எவ்வளவு பெரிய முடிவுகள் எடுக்கப்படுகின்றன என்பது பல ஆண்டுகள் கழித்து வேலூர் பற்றிப் படித்தபோது புரிந்தது. 1980களில் இந்தியாவெங்கும், வலிப்போடு வருகிறவர்களின் ஸ்கேனில் ஒற்றைச் சிறு வளையம் தெரிந்தால் காசநோய் என்று வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் மருந்து கொடுப்பதே பரவலான வழக்கம். வளையம் மறைந்துவிட்டால் மருந்து வேலை செய்தது என்பார்கள். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் மாத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் ஆகியோர் அந்தச் சிறு புண்களையே ஸ்டீரியோடாக்டிக் முறையில் குறிபார்த்து எடுத்து ஆராய்ந்தார்கள். நாடாப்புழுவின் இளம்பருவம் உண்டாக்கும் சிஸ்டிசெர்கஸ் அங்கே இருந்தது. 1989இல் 'லான்செட்' இதழில் அதை வெளியிட்டார்கள். (பன்றிக்கறி தின்பவர்களுக்கு மட்டும் வருவதல்ல அது; புழுவின் முட்டை கலந்த உணவாலும் நீராலும் சைவர்களுக்கும் வரும்.) இரண்டு சென்டிமீட்டருக்குக் குறைவான ஒற்றைப் புண், தலைக்குள் அழுத்தம் கூடவில்லை, பலவீனம் வளர்ந்துகொண்டே போகவில்லை என்றால், கத்தியும் வேண்டாம், காசநோய் மருந்தும் வேண்டாம், வலிப்பு மருந்தோடு காத்திருக்கலாம் என்ற அளவுகோல்களை அவர்கள் பிறகு வகுத்தார்கள். எத்தனை பேர் தேவையில்லாத மருந்திலிருந்து தப்பினார்கள்! அந்தப் புண் பட்டாணி அளவு. ஊசி அரை சென்டிமீட்டர் தவறியிருந்தால் அங்கும் 'கிளியோசிஸ்' என்றுதான் வந்திருக்கும், எதுவும் மாறியிருக்காது.

அப்பாவின் வளையம் அந்த அளவுகோல்களில் அடங்காதது. பெரியது, வளர்ந்துகொண்டிருந்தது, கை நாளுக்குநாள் தளர்ந்துகொண்டிருந்தது. இரண்டாவது முறை குத்தவேண்டும் என்றார்கள். நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் முதல்முறையிலேயே விடை கிடைத்துவிடும் சிகிச்சைதான் அது. நாங்கள் மிச்சத்தில் விழுந்தோம். ஒவ்வொரு முறையும் ரத்தக்கசிவின் ஆபத்து சிறிதளவு உண்டு என்பதையும் மறைக்கவில்லை.

அண்ணன் வேண்டாமென்றார். காகிதத்தில் இல்லை என்று எழுதியாயிற்று, அதோடு விடுங்கள் என்றார். விடுதி அறையில் அன்றிரவு நடந்த சண்டையில் நான் அதிகம் பேசவில்லை என்பதை இப்போது ஒப்புக்கொள்ளவேண்டும். உள்ளூர எனக்கும் அந்தக் காகிதம் போதுமென்றுதான் இருந்தது. அம்மா ஊரில். அப்பா கட்டிலில் உட்கார்ந்து, இடதுகையால் வலதுகை விரல்களை ஒவ்வொன்றாக நீவிக்கொண்டிருந்தார். கடைசியில் சொன்னார்: "தெரியாத சரக்குக்கு நான் என்னைக்கும் சீட்டு எழுதினதில்லடா."

ஆனி பிறந்து சில நாட்களில் இரண்டாவது பயாப்சி. இம்முறை நுண்ணோக்கியோடு ஒருவர் காத்திருந்தார். இருபது நிமிடங்களில் உள்ளே செய்தி போயிற்று, சட்டகத்தைக் கழற்றலாம் என்று. அதன் பொருள் எனக்குப் புரிந்தது. அண்ணன் புரியாதவர் மாதிரி சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது படத்தில் கரும்புள்ளி வெள்ளை விளிம்பின் மீதே உட்கார்ந்திருக்கிறது. பக்கத்தில் மிகச்சிறிய வெள்ளைப் புள்ளி ஒன்று. அது உறைந்த ரத்தம். அதுவும் ஒரு சாட்சிதான் என்றார் இளம் மருத்துவர். அறிக்கையில் கிளியோபிளாஸ்டோமா, நான்காம் நிலை.

கதிர்வீச்சு கொடுத்தார்கள். அப்பா இன்னும் பத்து மாதங்கள் இருந்தார். முதல் ஐந்து மாதங்கள் பேச்சு தெளிவாக இருந்தது. அந்த ஐந்து மாதங்களில் மண்டிக் கணக்கை முழுதாக முடித்தார். யாருக்கு எவ்வளவு, யாரிடமிருந்து எவ்வளவு என்று அவர் சொல்லச்சொல்ல நான் எழுதினேன். நானூற்றுச் சொச்சம் பேர். கிணற்றுமேட்டு ஒன்றரை ஏக்கரை விற்றுக் கடனை அடைத்தார். ஆளனுப்பி, ஒரு பழைய பகையாளியை வரச்சொல்லிப் பேசினார். என்ன பேசினார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது. 1999 சித்திரையில் இறந்தார்.

இன்று முறைகள் வெகுவாக மாறிவிட்டன. ஆணியடித்த சட்டகம் இல்லாமலேயே கணினி வழிகாட்ட ஊசியைச் செலுத்துகிறார்கள். அறுவை அரங்கிலேயே ஸ்கேன் எடுக்கும் இடங்கள் உண்டு. முன்கூட்டியே ஒரு மருந்தைக் குடிக்கக் கொடுத்து, எடுத்த துணுக்கை நீல ஒளியில் காட்டினால், தீவிரக் கட்டியின் சதை இளஞ்சிவப்பாக ஒளிர்கிறதாம். சதையே முகவரி சொல்லிவிடுகிறது. என்றாலும் பிறகு ஒரு ஸ்கேன் எடுத்து அந்த எள்ளளவு காற்றைத் தேடும் வழக்கம் போய்விடவில்லை.

அண்ணன் அந்த இளம் மருத்துவரை இன்றுவரை மன்னிக்கவில்லை. அவர் வாதம் எளியது. நோய் எப்படியும் அதுதான். முடிவு எப்படியும் அதுதான். அந்த ஆள் படத்தை வெளியே எடுக்காமல் தையலை மட்டும் பிரித்து அனுப்பியிருந்தால், அப்பா இன்னும் சில வாரங்கள் நோயில்லாதவராக மண்டியில் உட்கார்ந்திருப்பார். வடைமாலை சாற்றிய அந்த நான்கு நாட்களைப் போல இன்னும் கொஞ்சம் நாட்கள். இதற்கு நான் பலமுறை பதில் சொல்லிப் பார்த்திருக்கிறேன். கதிர்வீச்சு தந்த மாதங்களைச் சொன்னேன், கணக்கு முடித்ததைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டுவிட்டு, "நீ எழுதறவன், உனக்கு அப்படித்தான் தோணும்" என்பார். கேட்டது அப்பாதானே, மருத்துவரா தானாகச் சொன்னார் என்று ஒருமுறை கேட்டேன். அன்று அவர் சாப்பிடாமல் எழுந்துவிட்டார்.

மண்டியைக் காலி செய்த அன்று உறையைப் பிரித்து இரண்டு படங்களையும் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அண்ணன் பக்கத்தில் வந்து நின்றார். இத்தனை ஆண்டுகளில் அவர் அவற்றைப் பார்த்ததில்லை. "எதுடா அந்தப் புள்ளி?" என்று கேட்டார். காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். முதல் படத்தில் வளையத்துக்கும் புள்ளிக்கும் நடுவே தன் சுண்டுவிரல் நகத்தை வைத்து அளந்தார்.

"இவ்வளவுதானா?" என்றார்.

இரண்டாவது படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு அவர் கிளம்பினார். முதல் படமும் குத்தூசியும் என்னிடம் இருக்கின்றன.